மீனுக்கும் ஒரு முறைத் தண்ணீர்!

முதுமலைக்குப் போகிறவர்கள் தெப்பக்காட்டில் இறங்காமல் திரும்புவதில்லை. அங்கே யானை முகாம் இருக்கிறது. பாகர்கள் யானைகளை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். யானை துதிக்கையால் தண்ணீரை வாரி இறைக்கும். குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

அந்த ஆற்றின் பெயர் மோயாறு.

அதே ஆற்றில் இன்னொரு பெரிய பிராணியும் வாழ்கிறது. அதைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அது ஒரு மீன். முதுகிலே கூன் விழுந்த மீன்.

புலியும் யானையும் உலகத்தில் குறைந்து வருகின்றன என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இந்தக் கூன் மீன் அவற்றைவிட ஒரு படி அதிக ஆபத்தில் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் ஒரு சிவப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. அழியும் நிலையில் உள்ள உயிர்களை அதில் படிப்படியாகப் பிரித்து எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் புலிக்கும் ஆசிய யானைக்கும் ‘ஆபத்தில் உள்ளவை’ என்ற இடம். கூன் மீனுக்கு ‘மிக மிக ஆபத்தில் உள்ளவை’ என்ற இடம். இது 2018-ல் நடந்தது. அதற்கு அடுத்த படி, காட்டிலும் ஆற்றிலும் அற்றுப்போவதுதான்.

இந்த மீனைக் காப்பாற்ற என்ன வேண்டும்? கூண்டு வேண்டாம், வேலியும் வேண்டாம். காலம் அறிந்து விடும் தண்ணீர் வேண்டும்.

ஓர் ஆள் எடை

இது கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன். மகாசீர் என்று சொல்வார்கள். மகாசீரில் பல வகை உண்டு. காவிரியிலும் அதில் வந்து சேரும் ஆறுகளிலும் மட்டுமே உள்ள வகை, இந்தக் கூன் மகாசீர். தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பியிருக்கும். துடுப்புகள் செம்மஞ்சள் நிறம். கன்னட நாட்டில் இதை ‘பிளி மீனு’, அதாவது வெள்ளை மீன் என்பார்கள்.

மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 1946-ல் கபினி ஆற்றில் ஒரு மீன் பிடித்தார். நிறுத்துப் பார்த்தால் 120 ராத்தல். இன்றைய கணக்கில் 54 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் ஆளின் எடை! தூண்டில்காரர்கள் இன்றைக்கும் அந்த மீனைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இவ்வளவு பெரிய மீன் குறைந்து போனதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

வடக்கே லோனாவாலாவில் டாட்டா மின்சாரக் கம்பெனி ஒரு மீன் பண்ணை நடத்தியது. அங்கே நீலத் துடுப்பு மகாசீர் என்ற வேறு வகையைப் பொரிக்க வைத்தார்கள். 1970-களிலிருந்து அந்தக் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் வந்த மீன் பெருகியது. சொந்த மீன் குறைந்தது. கர்நாடகத்துக் காவிரியில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்குகளை விஞ்ஞானிகள் பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். மகாசீர் நிறையக் கிடைத்திருந்தது. கூன் மகாசீரோ அரிதாகிக்கொண்டே போயிருந்தது. ‘மகாசீர் இருக்கிறது’ என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில்தான், உண்மையான காவிரி மகாசீர் மறைந்துகொண்டிருந்தது.

இன்னொரு வேடிக்கை. 2018 வரையில் இந்த மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத பிராணியை ஆபத்துப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதற்காக மோயாற்றுக்கு வந்தார்கள். அங்கே கிடைத்த மீன்களை அளந்தார்கள். அவற்றின் மரபணுவைச் சோதித்தார்கள். அமராவதியின் மேல்பகுதியான கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே கண்டு பெயரிட்ட ஒரு மகாசீரும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. அதன் பெயர் ‘டோர் ரெமாதேவி’. விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீன் நிபுணர் ரெமாதேவி அம்மையாரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

காவிரியின் பெரிய மீனுக்குப் பெயர் தேட நீலகிரியின் ஆற்றுக்கு வரவேண்டியிருந்தது. மீன் மிஞ்சியிருந்தது இங்கேதான் என்பதே காரணம்.

மோயாறு வரும் வழி

ஆற்றின் வழியைத் தெரிந்துகொண்டால்தான் மீனின் கஷ்டம் புரியும்.

முக்கூர்த்தி மலையருகே ஓர் ஆறு பிறக்கிறது. அங்கே அதற்குப் பைக்காரா என்று பெயர். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிறவர்கள் பைக்காரா ஏரியையும் அருவியையும் பார்த்திருப்பார்கள். ஆறு மலையை விட்டு இறங்கியதும் மோயாறு என்று பெயர் மாறுகிறது. தெப்பக்காட்டைத் தாண்டிக் கிழக்கே திரும்புகிறது. பிறகு அருவியாக விழுந்து, ஓர் ஆழமான பள்ளத்தாக்கில் நுழைகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. புலியும் யானையும் கழுகும் வாழும் இடம். அதைக் கடந்து, தெங்குமரஹடா வழியாகப் பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கில் மழை குறைவு. நீலகிரி மலை மேற்கிலிருந்து வரும் மழை மேகத்தைத் தடுத்துவிடுகிறது. மசினகுடி பக்கம் போனால் முள்மரங்களைத்தான் பார்க்கலாம். ஆகவே, கோடையில் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் மேலே மலையிலிருந்து வரவேண்டியது. மேலே யார் பிடித்து வைக்கிறார்களோ, எப்போது திறந்து விடுகிறார்களோ, அதைப் பொறுத்ததுதான் கீழே மீனின் வாழ்வு.

ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை

1932-ல் பைக்காரா மின்சாரத் திட்டம் வேலை செய்யத் தொடங்கியது. மலை மேலே தண்ணீரைத் தேக்கி, இரும்புக் குழாய் வழியாக ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கினார்கள். அந்த வேகத்தில் எந்திரம் சுழன்றது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியது பைக்காரா மின்சாரத்தால்தான். கிணற்றில் பம்புசெட் ஓடியதும் அதனால்தான். அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

பிறகு 1952-ல் மோயாறு மின்நிலையம் வந்தது. சிங்காராவில் வேலை முடித்த தண்ணீரை மரவகண்டி வழியாகக் கொண்டுபோய், பள்ளத்தாக்கில் மறுபடியும் இறக்கி, மறுபடியும் மின்சாரம் எடுத்தார்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை! கெட்டிக்கார ஏற்பாடுதான். 2005-ல் சிங்காராவில் நிலத்துக்கு அடியில் 150 மெகாவாட் நிலையம் ஒன்றும் சேர்ந்தது.

கீழே பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தது. அதனால் ஈரோடு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு சாப்பிடுகின்றன. அதே அணை மோயாற்று மீனுக்குக் காவிரிக்குப் போகும் கதவை அடைத்துவிட்டது. முன்பு வெள்ளத்தோடு போகவும் வரவும் வழி இருந்தது. இன்றைக்கு மேலே மின்நிலையம், கீழே அணை. நடுவில் உள்ள ஆறுதான் மீனுக்கு வீடு.

மீனின் பஞ்சாங்கம்

உழவனுக்கு ஆடிப் பட்டம் என்று ஒன்று உண்டு. அந்தப் பருவம் தவறினால் விதைத்தது வீண். மீனுக்கும் அப்படிப் பருவம் உண்டு.

மகாசீர் இன மீன்கள் கோடையில் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். ஆற்றின் மற்ற இடங்கள் வற்றினாலும் மடுவில் தண்ணீர் நிற்கும். அங்கே குளிர்ச்சி இருக்கும். ஆனால் மடுவுக்கும் மேலிருந்து கொஞ்சமாவது ஓட்டம் வேண்டும். ஓட்டம் நின்றால் தண்ணீர் சூடாகும், பாசி பிடிக்கும், மீன் மூச்சுவிடத் திணறும்.

மழை வந்து புதுவெள்ளம் இறங்கியதும் மீன் புறப்படும். வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். சிற்றாறுகளும் ஓடைகளும் சேரும் இடங்களைத் தேடும். கூழாங்கல் பரவிய, தெளிந்த, ஓடும் தண்ணீரில் முட்டையிடும். முட்டைகள் கற்களின் இடுக்கில் தங்கும். சில நாட்களில் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சுக்கு வேகமான ஓட்டத்தில் நீந்தும் பலம் கிடையாது. கரை ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில், வேர்களுக்கும் கற்களுக்கும் நடுவே ஒளிந்து வளரும்.

ஆகவே மீனுக்குத் தண்ணீர் மூன்று விதமாக வேண்டும். கோடையில் கொஞ்சமாகவாவது நிற்காத ஓட்டம். மழைக்காலத்தில் வழி காட்டும் வெள்ளம். முட்டையும் குஞ்சும் இருக்கும் நாட்களில் திடீர் ஏற்ற இறக்கம் இல்லாத நிதானம்.

இதை வீட்டுப் பெண்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். தெருக்குழாயில் மாதத்துக்கு இவ்வளவு குடம் தண்ணீர் வந்தது என்று கணக்குக் காட்டுவார்கள். கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அது நள்ளிரவில் வந்து, விடிவதற்குள் நின்றுவிட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நாலு நாள் வராமல் இருந்து, ஐந்தாம் நாள் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டினால் அதைப் பிடித்து வைக்க வீட்டில் பாத்திரம் ஏது? ஆற்றுக் கணக்கும் அப்படித்தான். வருடம் முழுவதும் போன தண்ணீரைக் கூட்டிப் பார்த்தால் போதியதாகவே தெரியும். மீன் வருடக் கணக்கில் வாழ்வதில்லை. ஒவ்வொரு மணி நேரமும் வாழ வேண்டியிருக்கிறது.

திறப்பதும் மூடுவதும்

நீர் மின்நிலையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நிலக்கரி நிலையத்தை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. நீர் நிலையத்தைச் சில நிமிடங்களில் ஓட்டலாம்; சில நிமிடங்களில் நிறுத்தலாம். அதனால் காலையிலும் மாலையிலும் மின்சாரத்துக்குத் தேவை கூடும் வேளைக்காகவே இதை வைத்திருக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும்போது மலை அடிவாரத்தில் எந்திரம் ஓடும். ஓடினால் ஆற்றில் தண்ணீர் ஏறும். இரவில் ஊர் தூங்கினால் எந்திரம் நிற்கும். தண்ணீர் இறங்கும்.

திடீரென்று ஏறும் தண்ணீர் கற்களைப் புரட்டும். முட்டைகளை அடித்துக்கொண்டு போகும். திடீரென்று இறங்கும் தண்ணீர் அதைவிடக் கொடியது. கரை ஓரத்துக் குஞ்சுகள் ஆழத்துக்குத் திரும்புவதற்குள் ஓரம் காய்ந்துவிடும். சிறு குட்டைகளில் சிக்கிய குஞ்சுகள் மறுநாள் வெயிலில் செத்துப்போகும். கொக்கும் காகமும் கொத்தித் தின்றுவிடும். பிணம் மிதக்காது; நாற்றம் எழாது. அதனால் யாருக்கும் தெரியாது. சில வருடங்கள் கழித்து, ‘ஏனோ இந்த ஆற்றில் சின்ன மீனையே காணோம்’ என்று சொல்லுவோம்.

சின்ன மீன் இல்லாமல் கிழட்டு மீன் மட்டும் மிஞ்சிய ஆறு, குழந்தை பிறக்காத ஊரைப் போன்றது.

இனி வரும் காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் கூடவே செய்யலாம். பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. சூரியன் மறைந்ததும் அது நின்றுவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப நீர் மின்சாரத்தைத்தான் கூப்பிடுவார்கள். ஆகையால் இப்போதே முறை வகுப்பது நல்லது.

கூன் மகாசீருக்கு மட்டும் அல்ல இந்தக் கவலை. மலை ஓடைகளில் பாறையோடு ஒட்டிக்கொண்டு வாழும் விரல் அளவு மீன்கள் உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு 1920-ல் ஹோரா என்ற இந்திய விஞ்ஞானி, பவானி ஆற்றின் பெயரைக் கொண்டு ‘பவானியா’ என்றே பெயர் வைத்தார். வேகமாக ஓடும் தண்ணீர்தான் அதற்கு உலகம். ஓட்டம் நின்றால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

மலை மேலே ஒரு பாடம்

பழியெல்லாம் மதகின் மேல் போடுவது நியாயம் ஆகாது. மதகுக்கு மேலேயும் ஒரு கதை இருக்கிறது.

நீலகிரியின் உச்சியில் பழைய காலத்தில் சோலையும் புல்வெளியும் இருந்தன. மழைத் தண்ணீரை அவை பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையில் மெல்ல மெல்லக் கசிய விடும். பிறகு தேயிலை வந்தது. தைல மரம் வந்தது. சீகை மரம் வந்தது.

ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர் ஆராய்ச்சி நிலையத்தார் பைக்காராவுக்குப் பக்கத்தில் கிளன்மார்கனில் ஒரு சோதனை செய்தார்கள். அருகருகே உள்ள இரண்டு சிறு பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். 1968 முதல் இரண்டிலும் ஓடி வரும் தண்ணீரை அளந்தார்கள். 1972-ல் ஒன்றில் மட்டும் பாதிக்குமேல் தைல மரம் நட்டார்கள். மற்றதைப் புல்வெளியாகவே விட்டார்கள். பத்து வருடம் அளந்ததில், மரம் நட்ட பள்ளத்தாக்கில் சராசரி 16 சதவீதம் தண்ணீர் குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்டபோது இழப்பு நாலில் ஒரு பங்காகக் கூடியது. கோடை ஓட்டம் இதைவிட மோசமாக அடிபட்டது.

மீனுக்கு எந்தத் தண்ணீர் மிகவும் அவசியமோ, அந்தக் கோடைத் தண்ணீரே முதலில் குறைந்தது!

இதில் மின்சாரத்துக்கும் நஷ்டம், உழவனுக்கும் நஷ்டம். ஆகவே மலை மேலே சோலையையும் புல்லையும் மீட்பது மீனுக்கு மட்டும் செய்யும் தர்மம் அல்ல. எல்லாருக்கும் பொதுவான லாபம்.

அயல்நாட்டிலும் ஒரு கூன் மீன்

‘ஓடும் மின்நிலையத்தை மீனுக்காக மாற்றி ஓட்ட முடியுமா?’ என்று கேட்கலாம். முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கொலராடோ என்று ஓர் ஆறு. அங்கேயும் ஆழமான பள்ளத்தாக்கு. அங்கேயும் மேலே ஓர் அணை. அங்கேயும் ஒரு கூன் மீன்! நம்முடையதைவிட மிகச் சிறிய மீன். 1963-ல் கிளன் கேன்யன் அணை எழும்பியது. 1967-ல் அந்த மீன் ஆபத்துப் பட்டியலில் ஏறியது.

பிறகு என்ன செய்தார்கள்? அணையை இடிக்கவில்லை. 1992-ல் சட்டம் செய்தார்கள். ஒரு நாளில் தண்ணீர் எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்று 1996-ல் வரம்பு கட்டினார்கள். அதே வருடம் வேண்டுமென்றே ஒரு வெள்ளம் விட்டுப் பார்த்தார்கள். 2018 கோடையில் இன்னொரு சோதனை நடந்தது. சனி, ஞாயிறுகளில் மின்சாரத் தேவை குறைவு. அந்த இரண்டு நாளும் தண்ணீரை ஒரே மட்டத்தில் ஓட விட்டார்கள். ஓரத்தில் முட்டையிடும் பூச்சிகள் பிழைக்கட்டும் என்று! பூச்சி பிழைத்தால் மீனுக்குச் சாப்பாடு.

2021-ல் அந்தக் கூன் மீனை ஆபத்துப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கினார்கள். தண்ணீர் முறை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. மீன்களை வேறு ஓடைகளுக்கு எடுத்துச் சென்றும் விட்டார்கள். அணையின் மட்டம் குறைந்ததால் ஆற்று நீர் வெதுவெதுப்பானதும் உதவியது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. மின்சாரமும் நிற்கவில்லை, மீனும் அழியவில்லை.

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. கங்கையின் மேல்பகுதியில் எப்போதும் ஓடவேண்டிய தண்ணீருக்கு 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் அளவு விதித்தது. நவம்பர் முதல் மார்ச் வரை மாதச் சராசரி ஓட்டத்தில் 20 சதவீதம். அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதவீதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம். அணை வைத்திருப்பவர்கள் இதை விட்டே ஆகவேண்டும். அதற்கு முந்திய வருடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. வறண்ட காலச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது ஆறுகளில் ஓட வேண்டும் என்பது அந்த உத்தரவு.

கங்கைக்கு உள்ள நியாயம் மோயாற்றுக்கும் உண்டு.

என்ன செய்யவேண்டும்?

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல.

முதலாவது: பள்ளத்தாக்கில் எந்த நாளிலும் எந்த மணியிலும் ஓட்டம் நிற்கக்கூடாது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று அளவு விதித்து, அதை எழுதி வைக்கவேண்டும்.

இரண்டாவது: எந்திரத்தை ஓட்டும்போதும் நிறுத்தும்போதும் தண்ணீரைப் படிப்படியாக ஏற்றவும் இறக்கவும் வேண்டும். குறிப்பாக, மீன் முட்டையிட்டுக் குஞ்சு வளரும் மழை மாதங்களில் இது அவசியம். இதனால் ஆற்றைக் கடக்கும் மனிதனுக்கும், தண்ணீர் குடிக்க இறங்கும் மானுக்கும்கூடப் பாதுகாப்பு.

மூன்றாவது: தண்ணீர் மட்டத்தை மணிக்கு மணி அளந்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும். அளக்காத நீரைப் பற்றிப் பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

நான்காவது: வேறு எந்த மீன் குஞ்சையும் மோயாற்றில் விடக்கூடாது. காவிரியில் பட்ட பாடு போதும்.

ஐந்தாவது: ஆற்றில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் அடியோடு நிறுத்தவேண்டும். 1897-ம் வருடத்துச் சட்டமே இதைக் குற்றம் என்கிறது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மாலை வேளைக்கு வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு பங்கை மற்ற வேளையில் விட்டால், அந்த அளவுக்கு மாலை மின்சாரம் குறையும். அதை மறைக்கக்கூடாது. ஆனால் மோயாறு நிலையத்தில் எந்திரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் வீணாவதில்லை. அது பவானிசாகருக்குத்தான் போகிறது. அங்கே காத்திருக்கும் உழவனுக்கு, அது காலையில் புறப்பட்ட தண்ணீரா மாலையில் புறப்பட்ட தண்ணீரா என்பதில் பேதம் இல்லை. மீனுக்குத்தான் பேதம்.

சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2025-ல் தமிழ்நாடு அரசு அழியும் நிலையில் உள்ள நான்கு உயிர்களைக் காக்க 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலி, நாலாவதாகக் கூன் மகாசீர். வரவேற்கவேண்டிய காரியம். முதுமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்கள். ஆற்றின் இரு கரையும் காட்டு இலாகாவின் காவலில் இருக்கிறது. கரைக்குக் காவல் உண்டு. நடுவில் ஓடும் தண்ணீரின் சாவியோ மின்சார இலாகாவின் கையில் இருக்கிறது. இரண்டு இலாகாக்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால்தான் அந்த 1 கோடி ரூபாய் பலன் தரும்.

விருந்தாளியும் வீட்டுப் பிள்ளையும்

நீலகிரியில் அவலாஞ்சிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு மீன் பண்ணையைப் பார்ப்பார்கள். அது 1907-ல் ஏற்பட்டது. வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க, ‘டிரவுட்’ என்ற குளிர்நாட்டு மீனைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். முட்டையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பொரிக்க வைத்து, குழந்தையைப்போல் வளர்த்து ஓடைகளில் விட்டார்கள்.

விருந்தாளி மீனுக்கு நூறு வருடத்துக்கு முன்பே அவ்வளவு உபசாரம் நடந்தது. இதே மலையின் தண்ணீரில் பிறந்து, மனிதன் அணை கட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே வாழ்ந்துவரும் வீட்டுப் பிள்ளைக்கு, இரவில் நிற்காத கொஞ்சம் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறது.

கீழ்பவானிப் பாசனத்தில் எல்லாருக்கும் முறைத் தண்ணீர் உண்டு. இந்த மடைக்கு இன்ன நாள், அந்த மடைக்கு இன்ன நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கடைமடைக்காரனுக்கு முறை தவறினால் அவன் அதிகாரியிடம் போய்க் கேட்பான். கேட்கவும் வேண்டும்.

மோயாற்றின் கூன் மீனும் இந்தத் தண்ணீருக்குப் பாத்தியதை உள்ளதுதான். அது மனுக் கொடுக்காது; கலெக்டர் ஆபீசில் போய் நிற்காது. அதற்காக அதன் முறையை விட்டுவிடலாமா?

அடுத்த தடவை தெப்பக்காட்டில் யானை குளிப்பதைப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு இந்த மீனின் கதையையும் சொல்லுங்கள். புலியைப் பற்றித் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்துதான் இந்த நாட்டில் புலிக்குக் காப்பகம் வந்தது. மீனைப் பற்றித் தெரிந்த பிள்ளைகளும் வளரட்டும். அதுவரைக்கும் மீன் இருக்கவேண்டுமே! மின்சார இலாகாவும் காட்டு இலாகாவும் வரும் மழைக்காலத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி, மீனின் முறையையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.